பூட்டினால் கணினி மெதுவாகுமா?

சங்கரன்கோவிலில் கணினி பழுது பார்க்கிறேன். விசைத்தறிக் கணக்கும் சேலை வியாபாரிகளின் ஜிஎஸ்டி கோப்புகளும் இருக்கும் லேப்டாப்கள் என்னிடம் வரும். "டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணினா மெஷின் இழுக்காதா தம்பி?" என்பார்கள். அளந்தே காட்டிவிடுவேன்.

டிஸ்க்கை இப்படி என்கிரிப்ட் செய்து பூட்டப் பயன்படுவது 2001-ல் அமெரிக்கா தரப்படுத்திய ஏஇஎஸ் முறை. அது, 256 பிட் சாவி என்றால் தரவை 14 சுற்று புரட்டிக் கலைக்கும். ஒரு சுற்றை ஒரே கட்டளையில் முடிக்கும் வசதி 2010-ல் இன்டெல் சிப்களுக்குள் வந்தது.

லினக்ஸில் 'ஓப்பன்எஸ்எஸ்எல் ஸ்பீடு' கட்டளை, 16 பைட் முதல் 16,384 பைட் வரை ஆறு அளவுத் துண்டுகளைத் தலா 3 விநாடி ஓட்டி, பூட்டும் வேகத்தைச் சொல்லும். சின்னத் துண்டில் ஒவ்வொரு முறையும் தொடக்க வேலையே நேரத்தைத் தின்றுவிடும். அதனால் பெரிய துண்டின் எண்ணைப் பாருங்கள். பிறகு சிப்பின் உதவியை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தால், எண் பல மடங்கு சரியும். சிப் எவ்வளவு உழைக்கிறது என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும். அளக்கும்போது சார்ஜர் மாட்டியிருக்கட்டும். மற்ற புரோகிராம்களை மூடிவிடுங்கள்.

டிஸ்க்கின் வேகத்தைவிட, சிப்பின் உதவியோடு வந்த எண் பெரிதாக இருந்தால் தயங்காமல் பூட்டுங்கள். கடவுச்சொல் மறந்தால் திறக்க உதவும் மீட்புச் சாவியை மட்டும் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பஸ்ஸில் லேப்டாப் தொலைந்தாலும் ஊர்க்காரர்களின் கணக்கு அந்நியர் கையில் சிக்காது.