ஹெபடைடிஸ் சி பாசிட்டிவா? எந்த டெஸ்ட்ல?

எங்க ஊர் கொல்லிமலையில குண்டனி நாடு. அங்கேர்ந்து யாராவது, "தம்பி, ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்னு வந்திருக்கு, அவ்வளவுதானா?"ன்னு கேட்டா, நான் திருப்பிக் கேட்பேன்: எந்த டெஸ்ட்?

முதல்ல எடுக்கறது ஆன்டிபாடி டெஸ்ட். அது லாக் ஃபைல் மாதிரி. வைரஸ் எப்பவோ உள்ள வந்துச்சுன்னு காட்டும். இப்பவும் ஓடிட்டிருக்கான்னு சொல்லாது. நூத்துல சுமார் 30 பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள மருந்தில்லாமலே வைரஸ் போயிடும். ஆன்டிபாடி மட்டும் தங்கிடும். மாத்திரையில குணமானவங்களுக்கும் அப்படித்தான். இப்ப வைரஸ் இருக்கான்னு சொல்றது ரெண்டாவதா எடுக்கற ஆர்என்ஏ டெஸ்ட்.

சிக்கலே அங்கதான். அதுக்காக இன்னொரு நாள் கூலியை விட்டுட்டு, காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். வலியே இல்லாதப்ப யார் போவா? இந்த வைரஸோ பல வருஷம் சத்தமில்லாம கல்லீரலைக் கெடுக்கும்.

2018 ஜூலை 28-ல தொடங்கின தேசியத் திட்டத்துல டெஸ்ட், மருந்து ரெண்டுமே இலவசம். பெரும்பாலானவங்களுக்கு 12 வாரம் மாத்திரை, நூத்துக்கு 95 பேர் குணமாயிடுறாங்க. (தடுப்பூசி பி-க்குத்தான், சி-க்கு இல்ல.)

அதனால ரத்தம் கொடுக்கும்போதே கேட்டுடுங்க: "பாசிட்டிவ்னா ஆர்என்ஏ-க்கு இதே சாம்பிளை அனுப்ப முடியுமா, நான் திரும்ப வரணுமா?"