ஊதிப் பாருங்க அண்ணாச்சி!

வாங்க வாங்க, உள்ளே விட்டுவிட்டார்கள்! தூத்துக்குடியில் ரோட்டரி காஸ் மீட்டர்களைப் பிரித்துத் துடைத்துப் பூட்டும் பட்டறை இது. செருப்பு வாசலோடு சரி. இந்த மீட்டருக்குத் தூசிதான் முதல் எதிரி.

மேசையில் கை வைக்க இடமில்லை. ஸ்பானர், ரப்பர் வளையங்கள், எண்ணெய்ப் புட்டி, ஆறிப்போன டீ. ஃபேன் கிடையாது, அதுவும் தூசி கிளப்புமாம். விளாத்திகுளத்துத் தம்பி ஒருவர் சட்டை முதுகோடு ஒட்ட, மூடியைக் கழற்றுகிறார்.

அடடா! உள்ளே 8 வடிவத்தில் இரண்டு உருளைகள். எதிரெதிராகச் சுற்றும், ஒன்றையொன்று தொடவே தொடாது. நடுவில் மயிரிழை இடைவெளி. களத்தில் மரக்கால் போட்டுக் கம்பு அளப்பதுபோல, ஒரு சுற்றுக்கு நாலு முறை காஸை அள்ளி அந்தப் பக்கம் தள்ளுகின்றன. கண்ணுக்கே தெரியாத சரக்குக்கு இப்படி ஒரு அளவை!

"ஊதிப் பாருங்க அண்ணாச்சி."

லேசாகத்தான் ஊதினேன். இரண்டும் சுற்றுகின்றன! சத்தமே இல்லை. இன்னொரு தரம் ஊதினேன். "போதும், எச்சி தெறிக்கும்" என்று மூத்த மெக்கானிக் துணியோடு வந்துவிட்டார்.

இந்த மீட்டரின் பூர்வீகம் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கம்பளி ஆலை. ரூட்ஸ் சகோதரர்கள் தண்ணீரில் ஓடும் எந்திரம் செய்யப்போக, அது காற்றை ஊதித் தள்ளும் எந்திரமாகி, 1860இல் காப்புரிமையும் பெற்றது. மீட்டராக மாறியது 1920 வாக்கில்.

சரி, இந்த ஊருக்கு காஸ் எப்படி வருகிறது? இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கி.மீ. காஸ் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த காஸைத்தான் ஸ்பிக் உர ஆலை வாங்குகிறது. அவ்வளவு பெரிய ஓட்டத்துக்கு வேறு வகை மீட்டர். நம் ரோட்டரி, ஓட்டல், பேக்கரி, நடுத்தர ஆலைகளின் ஆள்.

இப்போது சோப்புத் தண்ணீர் நேரம். மூடியைப் பூட்டி, காற்றடைத்து, இணைப்புகளில் பிரஷ்ஷால் நுரை தடவுகிறார்கள். குமிழி வந்தால் கசிவு. எல்லோரும் குனிந்து பார்க்க, தம்பியின் தூக்குச்சட்டியிலிருந்து விளாத்திகுளம் வத்தல் நெடி. அடுக்கடுக்காக மூணு தும்மல்! "லேய், குமிழிய விட ஒன் கொழம்புதாம்ல கசியுது!"

சிரித்து முடிப்பதற்குள் குரல்: "எண்ணெய வடிச்சாச்சா?" மீட்டரில் உள்ள எண்ணெயை வடிக்காமல் வண்டியில் ஏற்றினால், வழியில் ஆடி உள்ளே ஏறிவிடும். குழாயில் பொருத்தி மட்டம் பார்த்த பிறகுதான் புது எண்ணெய். வடித்தாயிற்று. இரண்டு வாயிலும் மூடி போட்டு, மூணு பேர் தூக்குகிறார்கள். நானும் ஒரு கை கொடுக்கிறேன்.