அறை எண் 606

தங்கிய இடங்கள் – 14

கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து அண்ணாந்தால் போதும், இந்த ஹோட்டலுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. செங்கல் சுவர்களும் பாசி நிறச் செம்புக் கோபுரங்களுமான ஊரின் நடுவே ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடிச் சுவரோடு நிமிர்ந்து நிற்கிறது. 1960இல் எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டல் என்று திறந்தபோது, 'கண்ணாடிச் சுருட்டுப் பெட்டி' என்று கேலி பேசினார்கள். இப்போது ராடிசன் பெயரில் நடக்கிறது.

கட்டியவர் ஆர்னே யாகோப்சன். கட்டடத்தோடு அவர் நிற்கவில்லை. நாற்காலி, விளக்கு, கதவின் கைப்பிடி, சாப்பாட்டு மேசைக் கரண்டி வரைக்கும் அவர் கைவண்ணம்தான். அந்தக் கரண்டிகளை ஸ்டான்லி குப்ரிக் தன் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் விண்வெளி வீரர்களின் கையில் கொடுத்தார்.

நாங்கள் தங்கிய அறை வசதியானது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மாலை நேரமெல்லாம் கீழே வரவேற்புக் கூடத்தில்தான் கழிந்தது. கட்டடம் முழுக்க நேர்கோடு. கூடத்தில் கிடக்கும் 'எக்', 'ஸ்வான்' நாற்காலிகளிலோ நேர்கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பெயருக்கேற்ப ஒன்று முட்டை, மற்றது அன்னம். இரண்டையும் இந்த ஹோட்டலுக்கென்றே 1950களின் கடைசியில் உருவாக்கினார். மரச்சட்டம் இப்படி வளையாது. நுரைப் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து ஓடாக்கும் புது முறை அப்போதுதான் இவற்றைத் தயாரித்த ஃபிரிட்ஸ் ஹான்சன் நிறுவனத்துக்குக் கைவந்திருந்தது.

முட்டைக்குள் சாய்ந்தால் இரு பக்கமும் எழும் 'காதுகள்' கூட்டத்தை மறைத்துவிடுகின்றன. ஊரே நடமாடும் கூடத்தில் நமக்கென்று ஒரு தனியறை! வருவோர் போவோரைப் பார்க்க வேண்டுமா, சுழற்றித் திருப்பிக்கொள்ளலாம். எழுந்திருப்பதுதான் சற்றுச் சிரமம். முழங்கால் வலிக்காரர்கள் கவனிக்க.

அடுத்தடுத்த புதுப்பிப்புகளில் யாகோப்சனின் அறைகள் ஒவ்வொன்றாகக் கலைந்துவிட்டன. பழையபடி மிஞ்சியிருப்பது 606 மட்டும்: கருமரப் பலகை பதித்த சுவர், நீலப்பச்சைத் துணி போர்த்திய இருக்கைகள், மூடியைத் தூக்கினால் ஒப்பனைக் கண்ணாடி தெரியும் மேசை. அதிலும் தங்கலாம், வாடகை கூடுதல்.

ஹோட்டல் என்றால் காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரே மனிதர் கைப்பிடி வரை யோசித்துச் செய்த முழுமை சிதறிப்போய், நாற்காலி மட்டும் தனியே உலகம் சுற்றுகிறது. அதை வாங்கி வரவேற்பறையில் போட்டவர்களுக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது என்பேன். அந்த வளைவுகளுக்கு எதிரே இந்தக் கட்டடத்தின் விறைப்பு வேண்டும்.

606க்காகச் சேமிக்க வேண்டாம். கோபன்ஹேகன் போனால் ஒரு காபிக்குப் பணம் எடுத்துவைத்துக்கொண்டு, எஃகுக் கம்பிகளில் தொங்கும் சுழல் படிக்கட்டு தெரிகிற இடமாகப் பார்த்து, கீழ்க்கூடத்தில் உட்காருங்கள்.