நாய்க்குட்டிக்கு மலக்குடல் வெளியே தள்ளினால்

மலம் கழித்து எழுந்த நாய்க்குட்டியின் ஆசனவாயில் விரல் பருமனில் செக்கச்செவேலென்று சதை நீட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அது மலக்குடல் வெளித்தள்ளல். கழற்றும்போது சட்டைக் கை உள்புறம் வெளியாகப் புரள்வதுபோல் குடல் புரண்டு வந்திருக்கிறது. முக்கும்போது மட்டும் உள்சவ்வு எட்டிப் பார்த்துத் தானே உள்ளே போவது லேசான நிலை. குடற்சுவரே உருளையாக வெளியில் தங்கிவிடுவது முற்றிய நிலை.

ஓயாமல் முக்குவதால்தான் இது வருகிறது. குட்டிகளை அப்படி முக்க வைப்பவை பெரும்பாலும் வயிற்றுப் புழுவும் கழிச்சலும். பார்வோ வைரஸ் கழிச்சலும் இதில் சேரும். வளர்ந்த நாய், பூனைகளுக்கு மலச்சிக்கல், விழுங்கிய எலும்பு, கடினமான பிரசவம், சிறுநீர் அடைப்பு. சிறுநீர் வராமல் முக்கும் ஆண் பூனைக்கு மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிடுவோர் உண்டு. அந்த அடைப்பே உயிருக்கு ஆபத்து.

வெளியே வந்த சதை காய்ந்து வீங்கும். வீங்க வீங்க ஆசனவாய் அதை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நிறம் கறுத்தால் திசு செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் நோயல்ல இது.

வீட்டில் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். மருந்துக்கடை சலைனால் மெல்லக் கழுவி, அதிலேயே நனைத்த சுத்தமான துணியால் மூட வேண்டும். கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் தன் குடலையே நாய் கடித்துவிடும். மனிதர் மாத்திரை எதுவும் கூடாது. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். விரலால் உள்ளே தள்ளவும் கூடாது. ஏனெனில் மேலே உள்ள குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகி இறங்கி வந்தாலும் பார்வைக்கு இப்படியே இருக்கும். மருத்துவர் ஜெல் தடவிய மழுங்கிய கோலைச் சதைக்கும் ஆசனவாய் விளிம்புக்கும் இடையே விட்டுப் பார்ப்பார். தடையின்றி ஆழமாகப் போனால் குடல் செருகல். வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

மலக்குடல்தான் என்று உறுதியானால், வீக்கம் வற்றச் சர்க்கரை தூவுவதுண்டு. சமையலறைச் சர்க்கரையேதான், திசுவில் தேங்கிய நீரை அது வெளியே இழுத்துவிடும். பிறகு மயக்கம் கொடுத்துக் குடலை உள்ளே தள்ளி, ஆசனவாயைச் சுற்றிச் சுருக்குப்பை வாய்போலத் தையல் போடுவார்கள். இளகிய மலம் போகும் அளவுக்கு வழி விட்டிருப்பார்கள். சில நாளில் தையலைப் பிரிக்கும்வரை மலமிளக்கியும் மென்மையான உணவும் தர வேண்டும். செத்த திசுவானால் வெட்டி நீக்கி முனைகளை இணைப்பார்கள். திரும்பத் திரும்பத் தள்ளினால், பெருங்குடலை வயிற்றுச் சுவரின் உட்புறத்தோடு சேர்த்துத் தைப்பார்கள்.

மலப் பரிசோதனையும் அதற்கேற்ற பூச்சி மருந்தும் இந்தச் சிகிச்சையோடு சேர்ந்தவை. புழு உள்ளேயே இருந்தால், தையல் பிரித்ததும் குட்டி மறுபடி முக்கத் தொடங்கும்.