பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது!
கடல் நடுவே ஒரு கல் நகரம்

திருடக் கூடாது என்று சட்டம் உண்டு. பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது என்று சட்டம் உண்டு. ஆனால், "இந்த ஊரில் யாரும் பிறக்கக் கூடாது; யாரும் சாகவும் கூடாது" என்று ஒரு சட்டம் இருந்ததாகக் கேள்விப்பட்டது உண்டா?

அப்படி ஒரு சட்டம் இருந்தது! கிரேக்க நாட்டைச் சேர்ந்த டெலோஸ் என்ற சின்னஞ்சிறு தீவில், சுமார் 2,450 ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சட்டம் போடப்பட்டது.

இன்று அந்தத் தீவில் குடும்பங்கள் இல்லை. இடிந்த கோவில்களும், கூரை இல்லாத வீடுகளும், முறிந்த தூண்களும்தான் இருக்கின்றன. காவலர்களும் ஆராய்ச்சியாளர்களும் தவிர வேறு யாரும் அங்கே இரவு தங்க முடியாது. காலையில் படகில் வருகிறவர்கள், பொழுது சாய்வதற்குள் படகு ஏறிவிட வேண்டும்.

ஆனாலும், உலகத்தின் பல மூலைகளிலிருந்து மக்கள் இந்தத் தீவைத் தேடி வருகிறார்கள்.

அரை மணி நேரப் பயணம்

டெலோசுக்கு அருகே மிகோனோஸ் என்ற பெரிய தீவு இருக்கிறது. அங்கிருந்துதான் படகு புறப்படும். அரை மணி நேரத்தில் டெலோஸ் வந்துவிடும். கோடைக் காலத்தில் வடக்கிலிருந்து பலத்த காற்று வீசும். காற்று மிஞ்சினால் அன்று படகு கிடையாது.

தீவின் நீளம் 5 கிலோமீட்டர். அகலம் அதிகம் போனால் 1,300 மீட்டர். நிழல் தரும் மரங்களைக் காண்பது அரிது. வெயில் மண்டையைப் பிளக்கும். தலைக்குத் தொப்பியும், கையில் தண்ணீரும், காலுக்கு உறுதியான செருப்பும் இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

கூட்டமாக வருகிறவர்கள் உண்டு. குடும்பத்துக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வழிகாட்டி என்றால், வழியில் அகப்பட்ட யாரோ ஒருவர் அல்ல. கிரேக்க நாட்டில் அது படித்துத் தேற வேண்டிய தொழில். அரசாங்கத்தின் அனுமதி பெற்றவர்களே அந்தத் தொழிலைச் செய்யலாம்.

தனி வழிகாட்டி இருந்தால் அவசரம் இல்லை. வயதானவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம். குழந்தைகள் வாய் விட்டுக் கேள்வி கேட்கலாம். டெலோசில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரிவது வெறும் கல்தான். சொல்லக் கேட்டால், அந்தக் கல்லே வீடாகும், கோவிலாகும், சந்தையாகும்.

ஒரு தாய்க்கு இடம் கொடுத்த தீவு

வழிகாட்டி முதலில் காட்டுவது ஒரு வறண்ட பள்ளம். சுற்றிலும் தாழ்வான சுவர். நடுவே ஒரே ஒரு பனை இன மரம். முன்பு இது ஏரியாக இருந்தது. மலேரியா பரவியதால் 1920-களில் தண்ணீரை வடித்துவிட்டார்கள்.

இந்த ஏரியைப் பற்றிப் பண்டைக் கிரேக்கர்கள் ஒரு கதை சொன்னார்கள்.

தேவர்களின் அரசன் ஜீயஸ். அவனால் கருவுற்றாள் லீட்டோ என்பவள். ஜீயசின் மனைவி ஹீராவுக்குக் கோபம் பொங்கியது. ஹீராவுக்குப் பயந்து எந்த நாடும் லீட்டோவுக்கு இடம் கொடுக்கவில்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஊர் ஊராக அலைந்தாள். அப்போது டெலோஸ், கடலில் மிதந்துகொண்டிருந்த ஏழைப் பாறை. அந்தப் பாறைதான் "இங்கே வா" என்று இடம் கொடுத்ததாம். லீட்டோ அங்கே ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைதான் அப்பல்லோ. அவனோடு பிறந்த இரட்டைச் சகோதரி ஆர்ட்டெமிஸ்.

இந்தக் கதையால் டெலோஸ் புனிதத் தலம் ஆயிற்று. கோவில்கள் எழுந்தன. நக்சோஸ் என்ற தீவின் மக்கள், கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் பளிங்குச் சிங்கங்களைச் செய்து இங்கே காணிக்கையாக வைத்தார்கள். வாயைத் திறந்தபடி, அவை ஏரியைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. காற்றும் மழையும் அரித்ததால், 1999-ல் அந்தச் சிங்கங்களைக் காட்சிசாலைக்குள் கொண்டுபோனார்கள். வெளியே இப்போது இருப்பவை அவற்றைப் போலவே செய்து வைத்தவை. ஒரு சிங்கம் மட்டும் எப்போதோ தீவை விட்டே போய்விட்டது. அது இத்தாலியில், வெனிஸ் நகரத்துப் பழைய கப்பல் தளத்தின் வாசலில் இருக்கிறது. அதன் தலை பிற்காலத்தில் செய்து பொருத்தியது!

தோண்டப்பட்ட கல்லறைகள்

ஏரியிலிருந்து மேற்கே பார்த்தால், குறுகிய கடலுக்கு அப்பால் இன்னொரு தீவு தெரியும். அதன் பெயர் ரீனியா. டெலோசின் சட்டத்தைப் புரிந்துகொள்ள, இந்த ரீனியாவைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஏதென்ஸ் பெரிய வல்லரசு. கி.மு. 478-ல் பல கிரேக்க நகரங்களைச் சேர்த்து அது ஒரு கூட்டணி அமைத்தது. கூட்டணியின் பொக்கிஷம் டெலோசில் இருந்தது. கி.மு. 454-ல் அந்தப் பணத்தை ஏதென்ஸ் தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டது. பணம் போன பிறகும், டெலோஸ் ஏதென்சின் பிடியில்தான் இருந்தது.

கி.மு. 426-ல் ஏதென்ஸ் ஒரு கட்டளை இட்டது. தெய்வம் பிறந்த தீவில் தீட்டு இருக்கக் கூடாது என்றது. தீவிலிருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டினார்கள். எலும்புகளையும், அவற்றோடு புதைத்த பானைகளையும் படகில் ஏற்றி, ரீனியாவில் ஒரே குழியில் போட்டு மூடினார்கள்.

அதோடு சட்டமும் வந்தது. இனி டெலோசில் யாரும் பிறக்கக் கூடாது; இறக்கக் கூடாது. பிரசவ காலம் நெருங்கிய பெண்ணை ரீனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். சாகக் கிடப்பவரையும் அங்கேயே கொண்டுபோக வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். இடுப்பு வலி கண்ட பெண்ணுக்கு, தன் வீட்டுத் திண்ணை கிடையாது, ஆடும் படகு. உயிர் பிரியப் போகும் கிழவருக்கு, தன் கட்டில் கிடையாது, அக்கரை மண். எந்தத் தீவு ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுத்துப் பெயர் பெற்றதோ, அந்தத் தீவில் இனி எந்தத் தாய்க்கும் இடம் இல்லை!

"இது எப்படி உங்கள் ஊர்?"

டெலோஸ் மக்கள் ஒரு ஸ்பார்ட்டா தலைவனிடம் போய் இந்தக் குறையைச் சொன்னார்களாம். அவன் அதற்கு ஒரு கேள்விதான் கேட்டானாம். யாருமே பிறக்காத, யாருமே சாகாத ஓர் இடத்தை எப்படி உங்கள் சொந்த ஊர் என்கிறீர்கள் என்பதே அந்தக் கேள்வி. புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி விளையாட்டுப் போல இருக்கிறது. அதன் உள்ளே இருந்த ஆபத்து சீக்கிரமே வெளியே வந்தது. கி.மு. 422-ல் ஏதென்ஸ், டெலோஸ் மக்களையே தீவை விட்டு விரட்டிவிட்டது. அவர்கள் தூய்மையானவர்கள் அல்ல என்று காரணம் சொன்னது. முதலில் செத்தவர்களை வெளியேற்றினார்கள். பிறகு உயிரோடு இருந்தவர்களை வெளியேற்றினார்கள்! அவர்கள் கடல் கடந்து, இன்றைய துருக்கி நாட்டுக் கரையில் ஒதுங்கினார்கள். மறு ஆண்டே ஏதென்ஸ் அவர்களைத் திரும்பி வர விட்டது. போரில் தோல்விகள் வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

மனிதர்களை விற்ற சந்தை

வழிகாட்டி அடுத்துத் துறைமுகத்தின் பக்கம் அழைத்துப் போகிறார். சுற்றிலும் கடைகளின் அடித்தளங்கள்.

கி.மு. 167 வாக்கில் ரோமானியர்கள் டெலோசை மீண்டும் ஏதென்சிடம் கொடுத்தார்கள். துறைமுகத்தில் சுங்க வரி கிடையாது என்றும் அறிவித்தார்கள். அவ்வளவுதான்! இத்தாலி, சிரியா, எகிப்து என்று பல தேசத்து வியாபாரிகள் வந்து குவிந்தார்கள். எகிப்தியர் தெய்வமான ஐசிசுக்கு ஒரு கோவில், சிரியா நாட்டுத் தெய்வங்களுக்கு ஒரு கோவில், யூதர்களுக்கு ஒரு தொழுகைக் கூடம் என்று இந்தச் சின்னத் தீவில் எல்லாம் எழுந்தன.

பணக்காரர்களின் வீடுகள் இன்றும் வியப்பூட்டுகின்றன. முற்றத்தின் தரையில், வண்ணக் கற்களைப் பொடிப் பொடியாகப் பதித்து ஓவியம் செய்திருக்கிறார்கள். ஒரு வீட்டில், மதுவின் தெய்வமான டயோனிசஸ் சிறுத்தை மேல் ஏறிப் போகிறான். முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி. சுமார் 5,500 பேர் உட்கார்ந்து நாடகம் பார்க்க ஓர் அரங்கம். அதன் அருகிலும் மழைநீரைச் சேர்த்து வைக்கப் பெரிய தொட்டி.

இன்னொரு வீட்டில் தலை இல்லாத இரண்டு சிலைகள் நின்றன. ஒன்று கிளியோபாட்ரா. எகிப்து ராணி அல்ல. ஏதென்சைச் சேர்ந்த ஒரு குடும்பப் பெண். மற்றொன்று அவள் கணவன் டயாஸ்கூரிடீஸ். அவன் கோவிலுக்கு வெள்ளிச் சாமான்கள் காணிக்கை கொடுத்ததற்காக, கி.மு. 138 வாக்கில் அவள் அவனுக்குச் சிலை வைத்தாள்.

இத்தனை செல்வத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. டெலோஸ் பெரிய அடிமைச் சந்தை. ஒரே நாளில் 10,000 அடிமைகளை இறக்கி, விற்று அனுப்பும் வசதி அங்கே இருந்ததாக ஸ்டிராபோ என்ற பழங்கால அறிஞர் எழுதியிருக்கிறார். தீவின் மண்ணில் பிறப்பும் இறப்பும் தீட்டு என்றார்கள். ஆனால், தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்கக்கூடிய சந்தை அதே மண்ணில் நடந்தது. அது யாருக்கும் தீட்டாகத் தெரியவில்லை.

சட்டத்தை மீறி வந்த சாவு

கி.மு. 88-ல் பாண்டஸ் நாட்டு மன்னன் மித்ரிடேட்டஸ் ரோமானியர்களோடு போர் தொடுத்தான். ரோமானியர் பக்கம் நின்ற டெலோஸ் மீது அவன் படை பாய்ந்தது. ஆண்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். யாரும் சாகக் கூடாது என்று சட்டம் போட்ட தீவு, பிணக்காடு ஆயிற்று!

கி.மு. 69-ல் கடற்கொள்ளைக்காரர்கள் வந்து மிச்சத்தையும் சூறையாடினார்கள். வியாபாரக் கப்பல்கள் வேறு துறைமுகங்களுக்குப் போயின. ஊர் சிறிது சிறிதாக அழிந்தது. மண் மூடியது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 1870-களில் இங்கே தோண்டத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் நகரம் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. 1990-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இப்போது புதிய பகைவன் வந்திருக்கிறான். அது கடல்! கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. குளிர் காலத்தில் கரையோரப் பழங்கடைகளுக்குள் உப்பு நீர் புகுந்து, சுவர்களின் அடியை அரிக்கிறது. இப்படியே போனால் இன்னும் சுமார் 50 ஆண்டுகளில் டெலோஸ் இருக்காது என்று, அங்கே பணியாற்றும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் எச்சரித்தார்கள்.

கடைசிப் படகு

காலில் வலு உள்ளவர்கள் கடைசியாகக் கிந்தோஸ் குன்றில் ஏறுகிறார்கள். உயரம் 113 மீட்டர்தான். மேலே நின்றால் கோவில், ஏரிப் பள்ளம், நாடக அரங்கு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நீலக் கடலுக்கு அப்பால் ரீனியாவும் தெரியும்.

அந்த ரீனியாவில், 1898-ல் பழைய எலும்புக் குழியைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்த பானைகளையும் குவளைகளையும் வைக்க, மிகோனோஸ் தீவில் ஒரு காட்சிசாலை கட்டினார்கள். அந்தப் பானைகள் டெலோஸ் மக்கள் தங்கள் தாய் தகப்பனாரோடு வைத்துப் புதைத்தவை.

அந்த மக்களைத் தங்கள் ஊரில் பிறக்க விடவில்லை, இறக்கவும் விடவில்லை. ஆனாலும், அவர்களுக்கு ஒரு ஊர் இருந்தது, அங்கே அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த மண்பானைகள் சாட்சி சொல்கின்றன. ஏதென்ஸ் போட்ட சட்டம் என்றோ ஒழிந்துவிட்டது. பானைகள் இருக்கின்றன.