பாவகடாவின் தாய்

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ஆம் தேதி, உலகமெங்கும் ஒரு குழந்தையின் பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்த புண்ணிய தினத்தில், பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இவ்வுலகுக்கு வரவேற்ற ஒரு மூதாட்டி, பெங்களூரு கெங்கேரியில் உள்ள மருத்துவமனை ஒன்றில், தமது 98-ஆம் வயதில் காலமானார். சூலகித்தி நரசம்மா என்பது அவருடைய நாமம். கன்னட நாட்டில் மருத்துவச்சியைச் சூலகித்தி என்று அழைப்பார்கள். எழுபது ஆண்டுகள் செய்த தொண்டின் பெயரே அவருடைய இயற்பெயருக்கு முன்னால் நிரந்தரமாக அமைந்துவிட்டது.

தும்கூரு மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர தேசத்துக்குள் நீண்டு கிடக்கும் பாவகடா தாலுகாதான் அவருடைய ஜன்ம பூமி. மழை அடிக்கடி பொய்த்துவிடும் சீமை அது. தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் சீமை. நரசம்மாவின் தாய்மொழியும் தெலுங்குதான். வெயிலன்றி வேறு செல்வம் இல்லாத அந்த நிலத்தில் இன்று பிரமாண்டமான சூரிய மின் பூங்கா நிற்கிறது. ஆனால் நரசம்மா இளம்பெண்ணாய் இருந்த காலத்தில் அங்கே ஒரு கர்ப்பிணிக்கு நோவு கண்டால், பக்கத்து வீட்டுக் கிழவியின் அனுபவமும் தெய்வத்தின் கிருபையுமே கதி. பெங்களூருவில் வாணிவிலாஸ் மருத்துவமனை 1935-லேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் திறக்கப்பட்டது உண்மையே. எனினும், நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் குடிசையில் துடித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தக் கட்டடத்தால் என்ன பயன்?

பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தறியாத நரசம்மாவுக்குப் பன்னிரண்டாம் வயதில் விவாகம் நடந்தது. பிரசவம் பார்க்கும் வித்தையை அவருக்குக் கற்பித்தவர் அவருடைய பாட்டி மாரிகெம்மா. 1940-ஆம் வருஷம், இருபது வயதில், உறவுக்காரப் பெண் ஒருத்தியின் பிரசவத்துக்குத் துணை நின்றதே ஆரம்பம். ஊர் ஊராகச் சுற்றி வரும் நாடோடி மக்கள் கிராமத்தில் தங்கும் நாட்களில், கர்ப்பிணிகளுக்கு உகந்த பச்சிலை மருந்துகளை அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். வயிற்றின்மீது கை வைத்த மாத்திரத்தில் சிசுவின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது, அதன் நாடித் துடிப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஞானம் அவருக்கு நாளடைவில் வாய்த்தது.

எழுபது ஆண்டுகளில் பதினையாயிரம் பிரசவங்கள் என்பதைச் சற்று நிதானித்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு இருநூறுக்கு மேல்; வாரத்துக்கு நான்கு. பிரசவ நோவு பகலென்றும் இரவென்றும் பார்த்து வருவதில்லை. சில பெண்களுக்கு ஒரு நாழிகையில் முடிவது, சிலருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் நீளும். ஆகவே, வாரத்துக்கு நான்கு என்றால், நடுநிசியில் யாரேனும் வந்து கதவைத் தட்டாத வாரமே இருந்திருக்க முடியாது. இவ்வளவையும் செய்தவர் தாமே பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய். அவர்களில் நால்வரைச் சிறு பிராயத்திலேயே பறிகொடுத்தவர். வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாய் இருந்த வருஷங்களிலும், புத்திர சோகம் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த நாட்களிலும், வேறொரு வீட்டில் வேறொரு தாய் அலறும் குரல் கேட்டால் எழுந்து போயிருக்கிறார் என்பதை நினைக்கும்போது, இந்தத் தேசத்தில் தாய்மை என்று நாம் மேடைகளில் புகழ்வதெல்லாம் மிகவும் அற்பமாகத் தோன்றுகிறது. இத்தனை பிரசவங்களுக்கும் அவர் கூலி வாங்கியதில்லை.

கௌரவங்கள் தாமதமாகவே வந்தன. 2014-இல் தும்கூரு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 2018 மார்ச்சில் ராஷ்டிரபதி பவனத்தில் பத்மஸ்ரீ விருதைப் பெற்றுக்கொண்டபோது அவருடைய ஆயுளில் எஞ்சியிருந்தவை ஒன்பதே மாதங்கள்.

அவரைப் போற்றுவதற்காக வீட்டுப் பிரசவத்தைப் போற்ற எனக்குச் சம்மதமில்லை. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இத்தனை தாய்மார் மரணம் என்று அரசாங்கம் எடுக்கும் கணக்கு, கர்நாடகத்தில் 2001-03-இல் 228-ஆக இருந்து, 2018-20-இல் 69-ஆகக் குறைந்திருக்கிறது. இன்று இம்மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ரத்தப்போக்கையும் ஜன்னியையும் கை வைத்தியத்தால் மட்டும் வெல்ல முடியாது. ஆயினும், அந்தக் குடிசையில் இருந்து மருத்துவமனைக்குப் போன வழியில் நம் பெண்கள் ஒன்றை இழந்துவிட்டார்கள். நோவு தொடங்கியது முதல் பிள்ளை வெளிவரும் வரையில், தலைமாட்டில் அமர்ந்து, முதுகை நீவிவிட்டு, "பயப்படாதே அம்மா, நான் இருக்கிறேன்" என்று சொல்ல ஒருத்தி இருந்தாளே, அந்தத் துணை நம் பிரசவ அறைகளில் அருகிவிட்டது.

இக்குறையை அரசாங்கமும் உணர்ந்திருக்கிறது. நரசம்மா மறைந்த அதே 2018 டிசம்பரில், தாதியருக்குப் பதினெட்டு மாதப் பிரசவப் பயிற்சி அளித்து, சிக்கலற்ற பிரசவங்களை அவர்களிடமே ஒப்படைக்கும் தேசிய வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. பிரசவ அறையில் கர்ப்பிணியுடன் உறவுக்காரப் பெண் ஒருத்தி இருப்பதற்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே ஏற்பாடு உண்டு. 2016-இல் மத்திய அரசும் அதை நாடு முழுவதும் அனுமதித்தது. காகிதத்தில் உள்ள இந்த அனுமதியை அறியாமலே எத்தனையோ பெண்கள் அந்த அறைக்குள் தனியே போகிறார்கள்.

உங்கள் மகளோ மருமகளோ அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்தால், அவளுடன் பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்க அனுமதி உண்டு என்பதை மறவாமல் கேளுங்கள். அவளைத் தனியே அனுப்பாதீர்கள்.