பரம்பரை இழையும் பாலர் பரிசோதனையும்

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் பழமொழி. பிள்ளையின் சாயல் பெற்றோரின் சாயலை ஒத்திருத்தலைக் கண்ட முன்னோர் அதற்கு நூலையே உவமையாகக் கூறினர். அவ்வுவமையின் பொருத்தத்தை விஞ்ஞானிகள் இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிந்தனர். பரம்பரைப் பண்புகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுசெல்லும் பொருள் உண்மையிலேயே நூல் வடிவினது. டீஒட்சிறைபோ நியூக்கிளிக்கமிலம் என்பது அதன் முழுப்பெயர், டி.என்.ஏ. என்பது வழக்குப்பெயர்.

இப்பெயரை இன்று சிறுவரும் அறிவர். ஆயின் பெயரை அறிதல் வேறு. பொருளை அறிதல் வேறு. பாடநூலிலுள்ள இரட்டைச் சுருளிப் படத்தைப் பரீட்சைத்தாளிற் பிழையின்றி வரையும் மாணவனும், தான் காலையில் உண்ட வாழைப்பழத்தில் அப்பொருள் நிறைந்திருந்ததென்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இக்குறையைப் போக்குதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. வீட்டு அடுக்களை போதும். இப்பொருள் முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்ட இடமும் ஓர் அடுக்களையே. 1869ஆம் ஆண்டில், சுவிற்சலாந்து நாட்டவரான பிரெடெரிக் மீஷர் என்பார், செருமனியிலுள்ள தூபிங்கன் நகரத்துக் கோட்டையின் பழைய சமையலறையில் அமைந்த ஆய்வுகூடத்திலிருந்து, புண்கட்டிய துணிகளிற் படிந்த சீழின் வெண்கலங்களை ஆராய்ந்து, கலக்கருவிலிருந்து இதனைப் பிரித்தார்.

சிறுவர் செய்தற்குரிய முதலாவது பரிசோதனை வருமாறு. நன்கு கனிந்த வாழைப்பழத்திற் பாதியை எடுத்துப் பிசைக. அரைக்கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பையும், பாத்திரங் கழுவும் திரவச் சவர்க்காரம் இரண்டு தேக்கரண்டியையும் கரைத்து, அதனுட் பழக்கூழை இட்டு, நுரை எழாதவாறு பத்து நிமிடம் மெல்லக் கலக்குக. பின்னர் மெல்லிய பருத்தித் துணியால் வடித்து, வடிநீரை ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் மூன்றிலொரு பங்குவரை ஊற்றுக. மருந்துச்சாலையில் விற்கப்படும் ஸ்பிரிற்றை மூடிய போத்தலுடன் பனிக்கட்டி நீரில் வைத்து நன்கு குளிரச் செய்து, குவளையைச் சாய்த்துப் பிடித்து, அதன் ஓரமாக வடிநீரின் அளவுக்கு மெதுவாக வார்க்குக. இரண்டு திரவங்களும் தனித்தனி அடுக்குகளாக நிற்றல் வேண்டும். சில நிமிடங்களில் அவற்றின் எல்லையில் வெண்ணிற இழைகள் தோன்றி மேலெழும். அவற்றை ஓர் ஈர்க்கினாற் சுற்றி எடுக்கலாம். ஸ்பிரிற்று எளிதிற் தீப்பற்றுவது; அருந்தினால் நஞ்சாவது. ஆதலின் அதனை வார்க்கும் பணி பெரியோருடையதாகுக. அடுப்பு அணைந்திருத்தல் வேண்டும்.

இதன் காரணங்களைச் சிறுவர் வினவுவர். வினவுதலே பரிசோதனையின் பயன். பிசைதலினாற் கலங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து உடைகின்றன. கலத்தையும் கருவையும் சூழ்ந்த மென்சவ்வுகளிற் கொழுப்பு உண்டு. பாத்திரத்தின் எண்ணெயைக் கரைக்கும் சவர்க்காரம் அக்கொழுப்பையும் கலைத்துவிடுகின்றது. டி.என்.ஏ. இழை மறையேற்றம் உடையது. உப்பிலுள்ள சோடியம் அயன்கள் அவ்வேற்றத்தைத் தணிக்க, இழைகள் ஒன்றையொன்று அணுகுகின்றன. நீரிற் கரையும் இப்பொருள் குளிர்ந்த அற்ககோலிற் கரையாமையால் வெளிப்படுகின்றது. 1944ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஒசுவால்ட் ஏவரியும் அவர்தம் துணைவர் இருவரும் பரம்பரைப் பண்பை மாற்றவல்ல பொருள் டி.என்.ஏ. எனக் காட்டியபோது, அவர்கள் பற்றீரியாக்களிலிருந்து அதனைப் பிரித்தெடுத்ததும் அற்ககோலினாலேயே.

இவ்விடத்தில் ஆசிரியர் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. ஈர்க்கிற் சுற்றிய வெண்பொருள் தூய டி.என்.ஏ. அன்று. புரதமும், பழப்பாகை இறுகச் செய்யும் பெக்றின் என்னும் பொருளும் அதனுடன் கலந்திருக்கும். பெக்றினும் அற்ககோலில் வெண்திரளாகப் பிரிவதே. மேலும், நாம் காண்பது எண்ணிறந்த இழைகளின் திரட்சியேயன்றித் தனியிழையன்று. தனியிழையின் அகலம் இரண்டு நானோமீற்றரே. ஆகவே பழமிட்டதொன்று, சவர்க்காரம் இடாததொன்று, உப்பிடாததொன்று, பழமே இடாததொன்று என நான்கு குவளைகளை வரிசையாக வைத்து, வேறுபாடுகளைச் சிறுவரே குறித்துக்கொள்ளச் செய்தல் நன்று. ஐயந் தீரவேண்டின், பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரின் துணையுடன் டைபீனைலமீன் சோதனைப்பொருளை இட்டுச் சூடாக்குக, டி.என்.ஏ. உளதாயின் நீலநிறம் தோன்றும். 'இதனைக் கண்டேன், இதனைக் கேட்டறிந்தேன்' என இரண்டையும் வேறுபடுத்தக் கற்ற பிள்ளையே விஞ்ஞானம் கற்ற பிள்ளை.

கண்ணுக்குப் புலனாகாத அமைப்பைக் கடதாசியால் விளக்கலாம். 1953ஆம் ஆண்டில் உவாற்சனும் கிரிக்கும், உரோசலிந்து பிராங்கிளின், மோரிசு உவில்கின்சு ஆகியோரின் எக்சுக்கதிர் ஆய்வுகளைத் துணைக்கொண்டு வெளியிட்ட இரட்டைச் சுருளியமைப்பு, முறுக்கிய ஏணியை ஒத்தது. நான்கு நிறக் கடதாசித் துண்டுகளை அடினீன், தைமீன், குவானீன், சைற்றோசீன் எனப் பெயரிடுக. அடினீன் தைமீனுடனும், குவானீன் சைற்றோசீனுடனும் மட்டுமே சேர்ந்து ஏணியின் படியாகும். ஏணியை நடுவே நெடுக வெட்டி, இரு பாதிகளையும் இரு பிள்ளைகளிடம் கொடுத்து, இல்லாத பாதியை அமைக்கச் சொல்லுக. ஓர் ஏணி இரண்டாகும். இரண்டும் ஒன்றையொன்று முற்றும் ஒத்திருக்கும். பரம்பரைச் செய்தி படியெடுக்கப்படும் முறை இதுவே. ஒரு பிள்ளை தவறான நிறத்தை ஒட்டிவிடின் அதனைக் கடியாது, விகாரம் என்பது இவ்வாறே நேர்வதென்று காட்டுக. ஒரு படிக்கு ஒரு சதமமீற்றராக மனிதனுடைய ஒருதொகுதி நிறமூர்த்தங்களின் ஏணியை அமைப்பின், ஏறத்தாழ முந்நூறு கோடிப் படிகளுடன் அது 30,000 கிலோமீற்றர் நீளும்.

மூன்றாவது பயிற்சிக்கு இரண்டு நாணயங்கள் போதும். மெண்டல் என்னும் துறவியார் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கலப்புப் பட்டாணிகளின் வழித்தோன்றல்களில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850 எனக் கணக்கிட்டார். விகிதம் ஏறத்தாழ 3:1. தந்தைக்கு ஒன்றும் தாய்க்கு ஒன்றுமாக நாணயங்களை நூறுமுறை சுண்டி, இரண்டும் பூவாக விழுந்த முறைகளை எண்ணின், அஃது இருபத்தைந்தை அண்மித்து நிற்கும். நான்கு முறை மட்டும் சுண்டினாலோ, ஒருமுறையும் விழாது போதலும் உண்டு. மும்முறை விழுதலும் உண்டு. இது விளையாட்டன்று. நம் நாட்டிற் காணப்படும் தலசீமியா நோயின் காவிகளாகப் பெற்றோர் இருவரும் இருப்பின், ஒவ்வொரு கருப்பத்திலும் பிள்ளைக்கு அந்நோய் வருதற்கான வாய்ப்பு நான்கிலொன்று. ஒரு பிள்ளைக்கு வந்தமையால் அடுத்த மூவரும் தப்புவர் என எண்ணுதல் தவறு, நாணயத்திற்கு நினைவில்லை.

இறுதியாக, தவிர்க்கவேண்டியதொரு பயிற்சியையும் கூறல் கடன். நாவைக் குழல்போற் சுருட்டுந் திறன் ஒரே பரம்பரையலகினால் வருவதென்று கூறி, வீட்டிலுள்ளோரைச் சோதிக்கும்படி பிள்ளைகளை ஏவுவர் சிலர். அமெரிக்கரான அல்பிரட் ஸ்ரட்டவன்ற் 1940இல் இக்கருத்தை வெளியிட்டார். ஆயின் ஒத்த இரட்டையரிலும் ஒருவருக்கு அத்திறன் இருக்க மற்றவருக்கு இல்லாமை 1952இற் காட்டப்பட்டது; ஸ்ரட்டவன்றும் தம் கருத்தைக் கைவிட்டார். அவ்வாறிருக்க, நாச் சுருட்டும் பிள்ளையொன்று, சுருட்டாத பெற்றோரைக் கண்டு, 'நான் இவர்கள் பிள்ளைதானா?' என இரவெல்லாம் மயங்குதற்கு நாம் இடங்கொடுக்கலாமா? தத்தெடுக்கப்பட்ட பிள்ளையும், தாய் தந்தையரை இழந்த பிள்ளையும் நம் வகுப்பறைகளில் உளர். வாழைப்பழத்தையும் பட்டாணியையும் ஆராய்தலால் எவர் மனமும் நோவதில்லை.

வாழையின் இழையும் மனிதனின் இழையும் அதே நான்கு எழுத்துக்களால் ஆனவை. மனிதர் இருவரை ஒப்பிடின், ஆயிரம் எழுத்துக்களில் ஏறத்தாழ ஒன்றே வேறுபடும். இதனை அறிந்த பிள்ளை பிறப்பினால் எவரையும் இழித்துரைக்க நாணும். நூலைப் போலச் சேலை என்பது மெய்யே. எனினும் நூல் மட்டும் சேலையாவதில்லை. நெய்வோன் கைத்திறனும், தோய்க்கும் சாயமும், பேணுவோர் கருத்தும் சேர்ந்தே சேலையை ஆக்குகின்றன. உணவும் கல்வியும் அன்பும் பிள்ளைக்கு அவ்வாறே. இழையை நம் கையால் தெரிந்தெடுத்தல் இயலாது. நெசவோ பெற்றோரும் ஆசிரியருமாகிய நம் கையிலேயே உளது.